பல நிற ஒளிகளில் சூரியனை ஆராய்தல்

(சங்க அங்கத்தினர்களின் வாசிப்புக் கூட்டத்திற்குரிய பாடம்)

சென்னை மாகாணத்தில் 1876-ஆம் ஆண்டு முதல் 1878-ஆம் ஆண்டு வரை நேர்ந்த பெரும் பஞ்சத்தைக் கிராம ஜனங்கள் தாது வருஷப் பஞ்சம் என்று வழங்கினர். பருவமழை பொய்த்தது; ஏரிகள் வறண்டன; பல லக்ஷம் மக்கள் பசியாலும் நோயாலும் மடிந்தனர். அப்பஞ்சத்தின் நடுவே, 1877-ஆம் ஆண்டில், இந்திய சர்க்காரின் புள்ளி விவர இலாகாவுக்குத் தலைவராயிருந்த வில்லியம் வில்ஸன் ஹண்டர் என்பவர் ஓர் அபிப்பிராயத்தை வெளியிட்டார். சூரியன்மீது காணும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருகியும் குறைந்தும் வருகின்றன. அவை குறைந்திருக்கும் காலத்தில் சென்னையில் மழையும் குறைகிறது. ஆதலால் புள்ளிகளைக் கவனித்து வந்தால் பஞ்சம் வருவதை முன்னதாக அறியக் கூடும் என்பதே அவருடைய கருத்தின் சாரம்.

இக்கருத்து மெய்யாயின், குடியானவருக்கு இதனினும் பெரிய நன்மை வேறு இராது. விதைப்புக்கு முன்பே மழையின் அளவு தெரியும். தானியத்தைச் சேமித்து வைக்கலாம். கடன் வாங்குவதையும் கொடுப்பதையும் அளந்து செய்யலாம். ஆனால் அது மெய்யோ அன்றோ என்பதைத் தீர்மானிக்கச் சூரியனை நாள்தோறும் கவனித்துக் குறித்து வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அவ்வேலை நடைபெற்ற விதம் யாது, சூரியனை ஒரே ஒளியில் மட்டும் பாராமல் பல ஒளிகளில் தனித்தனியே பார்க்க வேண்டியது ஏன், அதனால் தெரிந்தது என்ன என்பவை இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன.

1. வெள்ளை ஒளியில் அடங்கிய நிறங்கள்

சூரிய ஒளி பார்வைக்கு வெண்மையாகத் தோன்றினும், அது பல நிறங்களின் சேர்க்கையேயாகும். இதனை எவரும் தம் வீட்டிலேயே பரீக்ஷித்துப் பார்க்கலாம். அகன்ற தட்டு ஒன்றில் நீர் நிரப்பி, முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றை அதில் சாய்வாக நிறுத்தி, ஜன்னல் வழியே வரும் வெயில் நீரினூடே சென்று அக்கண்ணாடியில் படும்படி வைக்க வேண்டும். எதிர்ச் சுவரில் சிவப்பு முதல் ஊதா வரை நிறங்கள் வரிசையாக விழும். வானவில்லில் காணும் வரிசையும் இதுவே. கண்ணாடியிலிருந்து திரும்பும் ஒளியைக் கண்ணால் நேரே பார்த்தல் கூடாது. சுவரை மட்டுமே பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஐசக் நியூட்டன் என்பவர் முப்பட்டைக் கண்ணாடியைக் கொண்டு 1666-ஆம் ஆண்டளவில் இவ்வுண்மையை நிலைநாட்டினார். 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்பவர் இந்நிறப்பட்டையில் சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில், உஷ்ணமானி ஒன்றை வைத்தார். அதன் ரசம் ஏறக் கண்டார். மறு ஆண்டில் ஜெர்மனியில் ரிட்டர் என்பவர் ஊதாவுக்கு அப்பாலும் புலப்படாத ஒளி ஒன்று உண்டென்றும், அது வெள்ளி உப்பை விரைவில் கறுக்கச் செய்கிறதென்றும் கண்டறிந்தார். ஆகவே கண் காண்பது சூரிய ஒளியில் ஒரு பகுதியே என்பது விளங்கியது.

ஒளியானது அலைகளாகப் பரவுவது. அலைக்கு அலை உள்ள தூரம் அலை நீளம் எனப்படும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லக்ஷம் கூறாக்கினால் ஒரு கூறுக்கு நானோமீட்டர் என்று பெயர். ஊதா ஒளியின் அலை நீளம் சுமார் 400 நானோமீட்டர்; சிவப்பின் அலை நீளம் சுமார் 700. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே கண்ணுக்குத் தெரிவது. இதனினும் குறுகிய அலைகள் புற ஊதா ஒளியும் எக்ஸ் கதிர்களும் ஆகும். இதனினும் நீண்டவை வெப்பக் கதிர்களும் ரேடியோ அலைகளும் ஆகும். இவையனைத்தும் சூரியனிடமிருந்து வருகின்றன.

2. நிறப்பட்டையில் எழுதப்பட்ட செய்தி

1814-ஆம் ஆண்டில் பவேரியா தேசத்தில் கண்ணாடித் தொழிலில் தேர்ந்த பிரான்ஹோபர் என்பவர் சூரியனுடைய நிறப்பட்டையை மிக விரித்துப் பார்த்தபோது, அதனிடையே நூற்றுக்கணக்கான மெல்லிய கருங்கோடுகள் இருக்கக் கண்டார். அவை ஏன் தோன்றுகின்றன என்பது 1859-ஆம் ஆண்டில் கிர்க்காப், பூன்ஸன் என்னும் இருவரால் விளங்கியது. ஒவ்வொரு மூலப்பொருளும் தனக்கென்று சில நிறங்களை மட்டுமே வெளியிடும்; அதே நிறங்களையே உட்கொள்ளும். அடுப்பு நெருப்பில் சிறிது உப்பைத் தூவினால் சுடர் மஞ்சளாக எழுவதைக் காணலாம். அது உப்பிலுள்ள சோடியத்தின் அடையாளம். சூரியனது ஒளி அதன் மேலடுக்கிலுள்ள வாயுக்களின் வழியாக வெளிவரும்போது, சோடியம் தனக்குரிய மஞ்சளையும், கால்சியம் தனக்குரிய ஊதாவையும், ஹைட்ரஜன் தனக்குரிய சிவப்பையும் எடுத்துக்கொள்ளுகின்றன. அவ்விடங்களே கருங்கோடுகளாகின்றன. 15 கோடி கிலோமீட்டர் தூரத்திலுள்ள சூரியனில் என்னென்ன பொருள்கள் உள்ளன என்பதை இக்கோடுகளால் அறியலாயிற்று.

இவ்வாராய்ச்சியில் தென்னிந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18-ஆம் தேதி பூரண சூரிய கிரகணம் நேர்ந்தது. அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூருக்குப் பிரான்ஸ் தேசத்து வான சாஸ்திரி ஜான்ஸென் வந்து, மறைந்த சூரியனின் ஓரத்தில் எழும் தீக்கொழுந்துகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். கோடுகள் மிகப் பிரகாசமாயிருந்தமையால், கிரகணம் இல்லாமலே அவற்றைக் காணலாமென்று துணிந்து, மறுநாள் காலையில் அவ்வாறே கண்டார். இங்கிலாந்தில் லாக்கியர் என்பவரும் சில வாரங்களுக்குப் பின் அம்முறையைத் தாமாகவே கண்டுபிடித்தார். அத்தீக்கொழுந்துகளின் ஒளியிலிருந்த மஞ்சள் கோடு ஒன்று சோடியத்தின் கோட்டோடு பொருந்தவில்லை. பூமியில் அறியப்படாத அப்பொருளுக்குச் சூரியனின் கிரேக்கப் பெயரையொட்டி ஹீலியம் என்று பெயரிட்டனர். 1895-ஆம் ஆண்டிலேதான் ராம்ஸே என்பவர் அதைப் பூமியில் ஒரு கனிமத்திலிருந்து பிரித்தெடுத்தார்.

3. நிறத்துக்கு நிறம் காட்சி வேறுபடுவது ஏன்?

சூரியனுக்குக் கெட்டியான மேற்பரப்பு கிடையாது. அது முழுதும் கொதிக்கும் வாயு. அதனுள் பார்வை எவ்வளவு ஆழம் செல்லும் என்பது பார்க்கும் ஒளியின் நிறத்தைப் பொறுத்தது. தெளிந்த கிணற்றில் அடிமட்டத்துக் கற்கள் தெரியும். கலங்கிய குளத்தில் மேல் நீர் மட்டுமே தெரியும். சாதாரண வெள்ளை ஒளிக்குச் சூரியனது மேலடுக்கு தெளிந்த நீரைப் போன்றது. பார்வை அதைக் கடந்து கீழே உள்ள ஒளி மண்டலம் வரை செல்லும். ஆனால் கால்சியத்துக்குரிய ஊதா நிறத்திற்கு அதே அடுக்கு கலங்கிய நீரைப் போன்றது. கீழிருந்து வரும் அந்நிற ஒளியைக் கால்சிய அணுக்கள் மீண்டும் மீண்டும் மறித்துக் கொள்வதால், மேலே இருக்கும் வாயுவிலிருந்து புறப்பட்ட ஒளி மட்டுமே வெளியே தப்பி வரும். ஆதலால் அந்த ஒரு நிறத்தில் மட்டும் படம் பிடித்தால் மேலடுக்கின் தோற்றம் கிடைக்கும்.

கருங்கோடு என்பது முற்றும் இருளன்று என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அயலிலுள்ள நிறங்களை நோக்க அது மங்கலாயிருக்கிறதேயன்றி, அதிலும் சிறிது ஒளி உண்டு. அச்சிறிய ஒளியே மேலடுக்கின் செய்தியைக் கொண்டு வருவது.

4. கொடைக்கானலில் நடைபெற்ற வேலை

பருவமழையின் போக்கைச் சூரியனால் அறியலாகுமோ என்ற எதிர்பார்ப்பு, தென்னிந்தியாவில் சூரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்படுவதற்கு ஒரு முக்கிய காரணமாயிற்று. 1893-ஆம் ஆண்டில் அதற்குக் கொடைக்கானல் தேர்ந்தெடுக்கப்பட்டது. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் புழுதியற்ற காற்று இருப்பதே அவ்விடத்தின் சிறப்பு. 1899-ஆம் ஆண்டில் நிலையம் ஸ்தாபிக்கப்பட்டது; மிச்சி ஸ்மித் என்பவர் அதன் முதல் தலைவர்.

அங்கே கொண்டுவரப்பட்ட கருவிகளுள் முக்கியமானது ஸ்பெக்ட்ரோஹீலியோகிராப் என்பது. அமெரிக்காவில் ஹேல் என்பவரும் பிரான்ஸில் தேலாந்தர் என்பவரும் 1890-ஆம் ஆண்டையொட்டித் தனித்தனியே கண்டுபிடித்த கருவி அது. அது வேலை செய்யும் முறை பின்வருமாறு: தூரதிருஷ்டிக் கண்ணாடியால் உண்டாகும் சூரிய பிம்பம் ஒரு மெல்லிய பிளவின்மேல் விழும். பிம்பத்தின் ஒரு கீற்று மட்டும் பிளவின் வழியே உள்ளே செல்லும். முப்பட்டைக் கண்ணாடிகள் அக்கீற்றின் ஒளியை நிறம் நிறமாக விரிக்கும். அவ்விரிவில் வேண்டிய ஒரு நிறத்தை மட்டும் இரண்டாவது பிளவு வெளியே விட்டு, மற்றவற்றைத் தடுக்கும். அதன் பின்னே படத்தகடு இருக்கும். சூரிய பிம்பம் முதற்பிளவின்மேல் மெதுவாக நகர, அதற்கு ஒத்தபடி தகடும் இரண்டாம் பிளவின் பின்னே நகர வேண்டும். தறியில் ஊடை இழை ஒவ்வொன்றாகச் சேர்ந்து முழுச் சேலை ஆவதுபோல, கீற்றுக் கீற்றாகச் சேர்ந்து ஒரே நிறத்தாலான முழுச் சூரியப் படம் உருவாகும்.

கொடைக்கானலில் 1904-ஆம் ஆண்டு முதல் கால்சியத்தின் 393.4 நானோமீட்டர் ஊதா நிறத்தில் படங்கள் எடுக்கப்பட்டன. 1912-ஆம் ஆண்டு முதல் ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பு நிறத்திலும் எடுக்கப்பட்டன. வெள்ளை ஒளியிலும் தனியே படங்கள் எடுக்கப்பட்டு வந்தன. 1907-ஆம் ஆண்டில் அங்கே வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட் என்பவர், 1909-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், கரும்புள்ளியைச் சூழ்ந்துள்ள மங்கலான வளையத்தின் கோடுகள் சிறிதளவு இடம்பெயர்ந்திருக்கக் கண்டார். புள்ளியின் நடுவிலிருந்து வாயு வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் வெளிநோக்கிப் பாய்வதே அதற்குக் காரணமென்று தெளிந்தது. இன்றும் வான சாஸ்திரிகள் அதனை எவர்ஷெட் விளைவு என்றே கூறுகின்றனர்.

கனமான கால்சியம் இலேசான ஹைட்ரஜனுக்குச் சமமாக உயரத்தில் எவ்வாறு தென்படுகிறது என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. வங்காளத்தைச் சேர்ந்த மேகநாத் ஸாஹா 1920-ஆம் ஆண்டில் அதற்கு வழி காட்டினார். உஷ்ணத்தினாலும் அழுத்தக் குறைவினாலும் அணுக்கள் தம் எலக்ட்ரான்களை இழக்கின்றன. எத்தனை பங்கு அணுக்கள் இழக்கும் என்பதைக் கணக்கிடலாம் என்று அவர் காட்டினார். அதுமுதல் கோட்டின் கருமையைக் கொண்டு உஷ்ணத்தை அறிவது சாத்தியமாயிற்று.

5. ஒரே நாளில் எடுத்த மூன்று படங்கள்

ஒரே நாளில் மூன்று ஒளிகளில் எடுத்த படங்களை அருகருகே வைத்து நோக்கினால், மூன்றும் ஒரே சூரியனுடையவை என்று நம்புவது கடினம்.

வெள்ளை ஒளிப் படத்தில் சூரியன் சமமான வட்டமாயிருக்கும். ஓரம் சிறிது மங்கலாகவும், ஆங்காங்கே கரும்புள்ளிகளும் தெரியும். இந்த ஒளி மண்டலத்தின் உஷ்ணம் சுமார் 5,500 டிகிரி ஸெண்டிகிரேட். புள்ளிகளின் நடுவில் சுமார் 1,500 முதல் 2,000 டிகிரி வரை குறைவு. அக்குறைவினாலேயே அவை கறுப்பாகத் தோன்றுகின்றனவேயன்றி, அவை உண்மையில் கரியவை அல்ல. பெரிய புள்ளி ஒன்று பூமியைவிட அகலமாயிருப்பதுண்டு.

கால்சிய ஒளிப் படத்தில் புள்ளிகளைச் சூழ்ந்து பரந்த பிரகாசத் திட்டுக்கள் தோன்றும். வட்டம் முழுவதும் வலை விரித்தாற்போல ஒளிக்கண்ணிகள் படர்ந்திருக்கும். காந்த சக்தி மிகுந்த இடங்களே இவ்வாறு ஒளிர்கின்றன. கரும்புள்ளிகள் வலிய காந்தங்கள் என்பதை ஹேல் 1908-ஆம் ஆண்டில் நிரூபித்தார். புள்ளி மறைந்து பல நாட்களான பின்னும் கால்சியத் திட்டு நிற்பதுண்டு. வெள்ளை ஒளியை மட்டும் பார்ப்பவர் அவ்விடத்தில் ஒன்றுமில்லையென்று தவறாக எண்ணுவர்.

ஹைட்ரஜனின் சிவப்புப் படத்தில் வட்டத்தின்மேல் நீண்ட கரிய இழைகள் கிடக்கும். சூரியனின் சுழற்சியால் அவ்விழை ஓரத்துக்கு வந்ததும், கறுப்பாயிருந்தது பிரகாசமான தீக்கொழுந்தாக மாறித் தோன்றும். பொருள் ஒன்றே. பிரகாசமான சூரிய வட்டத்தின் எதிரே நிற்கும்போது அது மறைப்பாகிறது. இருண்ட ஆகாயத்தின் எதிரே நிற்கும்போது விளக்காகிறது.

சங்கத்தின் நிலைமையை அறிய விரும்புபவர் கையிருப்புத் தொகையை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. நாள்வழி ஒன்றைக் காட்டும். கடன் பேரேடு மற்றொன்றைக் காட்டும். தவணை தவறிய பாக்கிகளின் ஜாபிதா வேறொன்றைக் காட்டும். எதுவும் பொய்யன்று, ஆனால் எந்த ஒன்றும் தனியே முழுமையும் அன்று. சூரியனைப் பற்றியும் அவ்வாறே.

6. கண்ணுக்குப் புலப்படாத ஒளிகள்

பூரண கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றி முத்துப்போல் வெண்மையான ஒளிமகுடம் தோன்றும். அதன் பிரகாசம் சூரிய வட்டத்தின் பிரகாசத்தில் சுமார் பத்து லக்ஷத்தில் ஒரு பங்கே; ஆதலால் மற்றக் காலங்களில் கண்ணுக்குத் தென்படாது. 1869-ஆம் ஆண்டுக் கிரகணத்தில் அம்மகுடத்தின் ஒளியில் 530.3 நானோமீட்டர் அலை நீளமுள்ள பச்சைக் கோடு ஒன்று காணப்பட்டது. ஹீலியத்தைப் போலவே இதுவும் புதுப்பொருள் என்று கருதி, கொரோனியம் என்று பெயரும் இட்டனர். 1939-ஆம் ஆண்டு முதல் 1942-ஆம் ஆண்டுக்குள் குரோத்ரியன், எட்லேன் என்னும் இருவரின் ஆராய்ச்சியால் உண்மை வெளியாயிற்று. அது புதுப்பொருள் அன்று. கொல்லன் பட்டறையிலுள்ள இரும்பேதான். ஆனால் தன் 26 எலக்ட்ரான்களில் 13-ஐ இழந்த இரும்பு. அவ்வளவு இழப்பதற்குப் பத்து லக்ஷம் டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணம் வேண்டும். சூரியனின் மேற்பரப்பைவிட அதற்கு மேலுள்ள மகுடம் பன்மடங்கு சூடாயிருக்கிறது என்ற வியப்பான செய்தி இவ்வாறு தெரிந்தது. அது ஏன் என்பதற்குக் காந்த சக்தியே மூலமென்று கருதப்படினும், முழு விளக்கம் இன்னும் ஆராய்ச்சியில் உள்ளது.

இத்தனை உஷ்ணமுள்ள வாயு பெரும்பாலும் புற ஊதா ஒளியிலும் எக்ஸ் கதிர்களிலுமே ஒளிர்வது. பூமியின் வாயு மண்டலம் அவற்றைத் தடுத்து விடுகிறது. உயிர்களுக்கு அது க்ஷேமம், ஆராய்ச்சிக்கோ தடை. 1946-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் ராக்கெட்டு ஒன்றில் கருவியை வைத்து உயரே அனுப்பிச் சூரியனின் புற ஊதா நிறப்பட்டையை முதன்முதல் படம் பிடித்தனர். 1973-ஆம் ஆண்டில் ஸ்கைலாப் என்னும் விண்வெளி நிலையத்திலிருந்து எக்ஸ் கதிர்ப் படங்கள் எடுக்கப்பட்டன. 2010-ஆம் ஆண்டில் அமெரிக்கர் அனுப்பிய சூரிய ஆராய்ச்சி விண்கலம் பத்து அலை நீளங்களில் தொடர்ச்சியாகப் படம் எடுப்பதற்காக அமைக்கப்பட்டது. அவற்றுள் சில வருமாறு:

30.4 நானோமீட்டர்: எலக்ட்ரான் ஒன்றை இழந்த ஹீலியத்தின் ஒளி, சுமார் 50,000 டிகிரி உஷ்ணமுள்ள அடுக்கையும் தீக்கொழுந்துகளையும் காட்டும்.

17.1 நானோமீட்டர்: 8 எலக்ட்ரான்களை இழந்த இரும்பின் ஒளி, சுமார் 6 அல்லது 7 லக்ஷம் டிகிரி உஷ்ணமுள்ள வளைவுகளைக் காட்டும். காந்தக் கோடுகளின் வழியே வாயு வில்லாக வளைந்து நிற்பது இதில் தெளிவாகத் தெரியும்.

19.3 நானோமீட்டர்: 11 எலக்ட்ரான்களை இழந்த இரும்பின் ஒளி, 10 லக்ஷம் டிகிரிக்கு மேற்பட்ட மகுடத்தைக் காட்டும். மகுடத்தில் கரிய இடைவெளிகள் உண்டென்பதும், அவற்றின் வழியே மின்னேற்றமுடைய துகள்கள் வேகமான காற்றைப் போல் வெளியேறுகின்றன என்பதும் இத்தகைய படங்களால் விளங்கும்.

பத்திரிகைகளில் இப்படங்கள் பொன்னிறமாகவும் சிவப்பாகவும் பச்சையாகவும் அச்சிடப்படுகின்றன. அவை மெய்யான நிறங்கள் அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு நிறம் ஏது? ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய ஆராய்ச்சியாளர் ஒவ்வோர் அலை நீளத்திற்கும் ஒரு நிறத்தை ஏற்படுத்திக்கொண்டனர்.

இந்தியாவும் இத்துறையில் பின்தங்கவில்லை. 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா எல்-1 என்ற விண்கலம் புறப்பட்டது. பூமியிலிருந்து சூரியனை நோக்கிச் சுமார் 15 லக்ஷம் கிலோமீட்டர் தூரத்திலுள்ள இடத்தை 2024-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி அடைந்தது. அதிலுள்ள ஒரு கருவி 200 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள ஒளியில் முழுச் சூரியனையும் படம் பிடிப்பது. மற்றொன்று சூரிய வட்டத்தை மறைத்து, செயற்கைக் கிரகணம் செய்து, மகுடத்தைக் காட்டுவது. கொடைக்கானல் நிலையத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே இரண்டாவதைச் செய்தளித்தது.

7. மழையைப் பற்றிய கேள்விக்கு விடை

இனி, பாடத்தின் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோர் அறிய வேண்டியது இது. இந்திய வானிலை இலாகாவின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் என்பவர் பல இடங்களின் மழைக் கணக்குகளைச் சூரியப் புள்ளிகளின் கணக்கோடு ஒப்பிட்டு, 1915-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். மழையை முன்னறிவிப்பதற்கு உதவும் அளவுக்குப் பலமான தொடர்பு காணப்படவில்லை. பின்னர் அவர் பல நாடுகளின் காற்றழுத்தக் கணக்குகளை ஆராய்ந்து, பஸிபிக் சமுத்திரத்தில் அழுத்தம் குறையும்போது இந்து சமுத்திரத்தில் ஏறுவதும், இங்கே குறையும்போது அங்கே ஏறுவதுமாகிய ஊசலாட்டத்தைக் கண்டறிந்தார். இதனோடு சேர்ந்து பஸிபிக் கடலின் நீர் வெப்பமடையும் நிலைக்கு எல் நினோ என்று பெயர். தாது வருஷப் பஞ்ச காலத்தில், 1877-ஆம் ஆண்டில், மிக வலிய எல் நினோ இருந்ததென்பது இப்போது தெரிந்துள்ளது. பருவமழை முன்னறிவிப்பில் இன்று முக்கியமாகக் கவனிக்கப்படுவது கடலின் உஷ்ணமேயன்றிச் சூரியப் புள்ளிகள் அல்ல.

இதற்குக் காரணத்தையும் பல ஒளி ஆராய்ச்சியே காட்டுகிறது. 11 ஆண்டுச் சுற்றில் சூரியனிடமிருந்து வரும் மொத்த ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே மாறுகிறது. புற ஊதாவிலும் எக்ஸ் கதிரிலும் மாறுதல் மிகப் பெரிது. ஆனால் அவை மேல் வாயு மண்டலத்திலேயே தங்கி விடுகின்றன. ஆகவே புள்ளியைக் கண்டு மழை சொல்வதாகக் கூறுபவரை நம்பிப் பொருளை இழக்க வேண்டியதில்லை.

அப்படியானால் அவ்வளவு உழைப்பும் வீணோ எனின், அன்று. வேண்டிய விடை கிடையாவிட்டாலும், உள்ள விடையை ஒளிக்காமல் குறித்து வைத்தனர். ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கொடைக்கானல் படங்கள் இப்போது கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. விண்கலங்கள் இல்லாத காலத்தில் சூரியனின் காந்த நிலை எவ்வாறு இருந்தது என்பதை அறிய உலகமெங்குமுள்ள ஆராய்ச்சியாளர் அப்பழைய கால்சியத் தகடுகளை நாடுகின்றனர்.

8. இவ்வாராய்ச்சியால் இன்று உண்டாகும் பயன்

சூரியனில் சில வேளைகளில் பெரிய வெடிப்புகள் நிகழ்ந்து, மின்னேற்றமுள்ள வாயு பூமியை நோக்கி வீசப்படுவதுண்டு. ஒளி 8 நிமிஷத்தில் வந்து சேரும். அவ்வாயு வந்து சேர ஏறக்குறைய ஒரு நாள் முதல் சில நாட்கள் வரை ஆகும். 1859-ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த சூரியப் புயலால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகள் தாறுமாறாயின. பம்பாய்க் கொலாபா நிலையத்தின் காந்த ஊசிகளும் பெரிதும் அசைந்தன. 1989-ஆம் ஆண்டு மார்ச்சு 13-ஆம் தேதி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லக்ஷம் மக்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தனர். 2024-ஆம் ஆண்டு மே மாதம் 10, 11 தேதிகளில் வந்த புயலின்போது, செயற்கைக் கோள்களின் துணையால் வரப்புத் தவறாமல் ஓடும் அமெரிக்க உழவு யந்திரங்கள் விதைப்புக் காலத்தில் வழி தவறின. சிலர் விதைப்பையே நிறுத்தி வைத்தனர். அதே இரவில் லடாக்கிலுள்ள ஹான்லேயில் வானம் சிவந்து ஒளிர்ந்தது.

வெடிப்பு நிகழ்வதை எக்ஸ் கதிரிலும் புற ஊதாவிலும் உடனே காணலாம். வீசப்பட்ட வாயுவைச் செயற்கைக் கிரகணக் கருவியில் காணலாம். அது வருவதற்குள் மின்சார நிலையங்களும் விண்கலங்களை நடத்துவோரும் தக்க ஏற்பாடு செய்துகொள்ள அவகாசம் கிடைக்கும். மழையை அறிவிக்காத சூரியன் இப்புயலை அறிவிக்கிறது.

9. எச்சரிக்கையும் செய்முறையும்

சூரியனை வெறுங்கண்ணால் பார்ப்பது பெருந்தீங்கு. கண்ணின் உட்படலம் வெந்தாலும் நோவு தெரியாது. சில மணி நேரம் கழித்தே பார்வைக் குறைவு தோன்றும். அது நிரந்தரமாகவும் நின்று விடலாம். புகை பிடித்த கண்ணாடி, எக்ஸ் கதிர்ப் படத்தாள், குளிர்க் கண்ணாடி, சாணமோ மஞ்சளோ கரைத்த நீரில் தெரியும் நிழல் ஆகியவை எவையும் பாதுகாப்பு அல்ல. இதனைச் சிறுவர்களுக்குத் தவறாமல் சொல்ல வேண்டும். தர நிர்ணயச் சான்று பெற்ற சூரியக் கண்ணாடி ஒன்றே தக்கது.

கண்ணுக்குத் தீங்கின்றிப் பார்க்கும் சுலபமான வழி ஒன்று உண்டு. தடித்த அட்டை ஒன்றில் ஊசியால் துளையிட்டு, இருண்ட அறையின் ஜன்னலில் பொருத்தி, 3 மீட்டர் தூரத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்தால், அதில் சுமார் 2.8 ஸெண்டிமீட்டர் அகலமுள்ள சூரிய பிம்பம் விழும். ஓட்டு வீட்டின் சிறு துவாரங்கள் வழியே தரையில் விழும் வட்டங்களும், மரத்தடியில் இலைகளினூடே விழும் வட்டங்களும் சூரிய பிம்பங்களே. கிரகணத்தின்போது அவை யாவும் பிறைகளாக மாறுவதைக் கொண்டு இதனை அறியலாம்.

பாடச் சுருக்கம்

சூரிய ஒளி பல அலை நீளங்களின் சேர்க்கை. ஒவ்வோர் அலை நீளமும் சூரியனின் ஒவ்வோர் அடுக்கைக் காட்டும். வெள்ளை ஒளி மேற்பரப்பையும், கால்சிய, ஹைட்ரஜன் ஒளிகள் அதற்கு மேலுள்ள அடுக்கையும், புற ஊதாவும் எக்ஸ் கதிரும் மகுடத்தையும் காட்டுகின்றன. ஓர் ஒளியில் கண்டதைக் கொண்டு முழுமையும் கண்டதாக எண்ணலாகாது. நாள் தவறாமல் உண்மையாக எழுதி வைத்த குறிப்பு, எழுதியவர் எதிர்பாராத காலத்திலும் எதிர்பாராத வேலைக்கும் உதவும்.

கூட்டத்தில் ஆலோசிக்கத் தக்க வினாக்கள்

1. அடுப்பில் உப்புத் தூவினால் சுடர் மஞ்சளாவதற்கும் சூரியனிலுள்ள பொருள்களை அறிவதற்கும் என்ன சம்பந்தம்?

2. சூரியனின் ஓரத்தில் பிரகாசமாகத் தோன்றும் தீக்கொழுந்து, வட்டத்தின் நடுவே கரிய இழையாகத் தோன்றுவது ஏன்?

3. ஹீலியம் என்று நினைத்தது மெய்யாகவும், கொரோனியம் என்று நினைத்தது வேறாகவும் முடிந்தது எவ்வாறு?

4. புள்ளிகளைக் கொண்டு மழையை அறியலாம் என்ற கருத்து எவ்வாறு பரீக்ஷிக்கப்பட்டது? முடிவு யாது?

5. கிராமத்தில் மழையளவு, கிணற்று நீர் மட்டம், விதைப்புத் தேதி இவற்றை ஆண்டுதோறும் குறித்து வைப்பவர் உண்டா? இல்லையாயின், அதை யார் தொடங்குவது?